பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு புது வேஷக்காரன்!

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில், அம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில், ஒரு கறுப்புக் காஸெட் பல காலமாகத் தூங்கிக் கொண்டிருந்தது. 1987-ஆம் வருஷம் நடந்த அவள் கலியாணத்தின் வீடியோ அது. போன மாதம் புடவைகளை வெயிலில் போட எடுத்தவள், அதையும் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டா, பத்திரிகையிலே என்னென்னவோ அதிசயமெல்லாம் எழுதறே! இதைப் போட்டுக் காட்டேன், பார்க்கலாம். உன் பாட்டி இதிலே நடந்து வருவாள்" என்றாள்.

போட்டுக் காட்டுவதற்கு டெக் எங்கே இருக்கிறது? அது எப்போதோ பழைய சாமான்காரனின் வண்டியில் ஏறிப் போய்விட்டது. காஸெட் இருக்கிறது, அதைப் படிக்கிற யந்திரம் இல்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று விழித்தேன்.

இதே சங்கடம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக் கணக்கான வீடுகளில் வேறு ரூபத்தில் இருக்கிறது. அங்கே அலமாரியில் தூங்குபவை பிளாப்பி டிஸ்க்குகள். நாற்பது வருஷத்துக்கு முந்திய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஞாபகமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்கிற டிரைவ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக் கொண்டிருக்கின்றன. அதற்காகச் சில சாமர்த்தியசாலிகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அது என்ன வழி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த டிரைவ் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு குடும்பக் கணக்கில் ஆரம்பிக்கிற கதை!

செக்குப் புத்தகக் கணக்கு

1977-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் ஸ்டீவ் வாஸ்னியாக், ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஆப்பிள் 2' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டு மேஜை மேல் வைத்து, டெலிவிஷன் பெட்டியோடு இணைத்துக் கொள்ளக் கூடிய யந்திரம். பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பெரிய குறை. மின்சாரத்தை நிறுத்தினால் அதுவரை சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து போய்விடும். மறுநாள் மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்காகப் பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, நாடாவில் பதிந்து வைத்துக் கொண்டார்கள்.

அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர் மைக் மார்க்குலா. கணக்கில் கெட்டிக்காரர். தம் செக்குப் புத்தகத்தின் வரவு செலவைப் பார்த்துக் கொள்வதற்காக ஒரு புரோகிராம் எழுதினார். எழுதியதென்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதை நாடாவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்குள் பொறுமை போய்விட்டது. பால்கணக்கைப் பார்க்க உட்காருகிறோம். நோட்டுப் புத்தகம் திறந்துகொள்ளவே பல நிமிஷங்கள் ஆகின்றன என்றால் யார்தான் பொறுப்பார்கள்? "நமக்கு ஒரு பிளாப்பி டிரைவ் வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் மார்க்குலா.

பிளாப்பி என்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. டேப் ரிக்கார்டர் நாடாவில் பூசியிருக்கிறதே, அதே மாதிரிக் காந்தப் பூச்சு. நாடாவுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தில் பூசி, 5¼ அங்குலச் சதுர உறைக்குள் போட்டிருப்பார்கள். டிரைவுக்குள் அந்த வட்டம் நிமிஷத்துக்கு 300 தடவை சுற்றும். ஒரு சின்னத் 'தலை' அதன் மேல் உட்கார்ந்து படிக்கும், எழுதும். நாடாவில் பத்தாவது பாட்டு வேண்டுமானால் முதல் ஒன்பதையும் ஓட்டித் தள்ள வேண்டும். பிளாப்பியில் தலை நேராக வேண்டிய இடத்துக்குத் தாவிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியற்காலையில் நடந்த கூத்து

1978 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரத்தில் ஒரு பெரிய பொருட்காட்சி. வாஸ்னியாக்குக்கு அதைப் போய்ப் பார்க்க ஆசை. அதற்குள் டிரைவை முடித்துவிட்டால் அழைத்துப் போவீர்களா என்று கேட்டாராம். சரி என்றார்கள். கிறிஸ்துமஸ், புது வருஷம் ஒன்றும் கொண்டாடாமல் வேலையில் இறங்கிவிட்டார்.

ஷுகார்ட் டிரைவ் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்த சில்லுகளைப் பார்த்து, "இது எதற்கு? அது எதற்கு?" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். டிரைவ் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரே செய்யும்படி புரோகிராம் எழுதிவிட்டார். டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பலகையில் கடைசியில் நின்றவை எட்டே சில்லுகள்! அந்தத் துறைக்காரர்கள் இன்றும் இதை வியந்து பேசுகிறார்கள்.

பொருட்காட்சியன்று விடியற்காலையில் எல்லாம் சரியாக ஓடியது. புத்திசாலி மனிதர் அல்லவா? "எதற்கும் ஒரு நகல் எடுத்து வைப்போம்" என்று நினைத்தார். இரண்டு பிளாப்பிகளில் எது நல்லது, எது காலி என்பது தூக்கக் கலக்கத்தில் மாறிப் போய்விட்டது. நல்லதன் மேல் காலியை நகல் எடுத்துவிட்டார்! இராப் பகலாக உழைத்ததெல்லாம் ஒரு நொடியில் மாயம். கொஞ்சம் தூங்கி எழுந்து, ஞாபகத்திலிருந்தே மறுபடி எழுதி முடித்தார். பிளாப்பியில் இருப்பது எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்பதற்கு அதை ஆக்கியவரே முதல் சாட்சி!

அந்த வருஷமே 495 டாலர் அறிமுக விலையில் 'டிஸ்க் 2' என்ற பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. 1980 முதல் ஒரு பிளாப்பியின் ஒரு பக்கத்தில் 140 கிலோபைட் விஷயம் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கிற ஒரே ஒரு புகைப்படத்தை வைக்க அப்படி இருபது பிளாப்பியாவது வேண்டும். இருந்தாலும் அந்தக் காலத்து வீடுகளுக்கு அது பெரிய பத்தாயம். சிக்கனக்காரர்கள் உறையின் மறு ஓரத்திலும் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, பிளாப்பியைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தையும் உபயோகித்தார்கள். சிக்கனம் எந்த ஊரிலும் ஒன்றுதான்!

வேஷம் போடுகிறவன்

இத்தனை காலம் ஆனபின் அந்த டிரைவ்களில் பல தேய்ந்துவிட்டன. பிளாப்பிகளின் கதை இன்னும் மோசம். ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சை பூத்துவிடுகிறது. அந்தப் பிளாப்பியைப் போட்டால் பூஞ்சையும் பூச்சும் தலையில் ஒட்டிக் கொள்ளும். அடுத்துப் போடுகிற நல்ல பிளாப்பியையும் அந்தத் தலை கீறிவிடும். ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் ஜாடி மாதிரிதான். ஆனால் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்களில் பல இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. புது டிரைவ் வாங்கலாமென்றால் செய்கிறவர்கள் இல்லை.

ஆகவே என்ன செய்தார்கள் தெரியுமா? டிரைவ் மாதிரி வேஷம் போடுகிற ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார்கள். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். உள்ளே சுற்றுகிற தட்டும் இல்லை, தலையும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு குட்டிச் சில்லு, கேமராவில் போடுகிற நகம் அளவு எஸ்.டி. கார்டு ஒன்று, இரண்டு மூன்று பொத்தான், கம்ப்யூட்டருக்குப் போகிற ஒரு பட்டை வயர். இவ்வளவுதான். 32 ஜிகாபைட் கார்டு ஒன்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாப்பிகளின் சரக்கை வைக்கலாம். ஒரு தெரு முழுக்க இருந்த அலமாரிகளையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் அடைத்த மாதிரி!

அமெரிக்காவில் ஸ்டீவ் சேம்பர்லின் என்பவர் செய்த 'பிளாப்பி எமு' இந்த ஜாதியில் பிரசித்தமானது. இவர் முன்பு சில்லுகளை வயரால் முடிந்து சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரே கட்டியவர். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிக் மெஸ் ஓ' வயர்ஸ்'. 'வயர்களின் பெரிய அலங்கோலம்' என்று பொருள்! இவரைத் தவிர, சொந்தமாகச் சாமான் வாங்கி, வீட்டு மேஜை மேல் ஈயப்பற்று வைத்துத் தாங்களே செய்து கொள்கிறவர்களும் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

"இதென்ன பெரிய காரியம்? கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு என்றால் என்னவென்று தெரியாது. சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அதற்குத் தெரிந்தது டிஸ்க் 2 ஒன்றுதான். நாடகத்தில் பழைய நடிகருக்கு உடம்பு சரியில்லை. அவர் இடத்தில் புது ஆள் வேஷம் கட்டுகிறான். கூட நடிக்கிற பெரியவரோ கண் தெரியாதவர். அவருக்குக் குரல் மாறக் கூடாது, நடை மாறக் கூடாது, வசனம் ஒரு எழுத்துப் பிசகக் கூடாது. எமுலேட்டரின் நிலைமை அதுதான்.

தாளம் தப்பக் கூடாது

முதலில் நடையைப் பார்ப்போம். பிளாப்பியில் 35 வட்டப் பாதைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. தலையை நகர்த்தக் கம்ப்யூட்டர் நான்கு கம்பிகளில் மாற்றி மாற்றி மின்சாரம் அனுப்பும். வரிசையாக அனுப்பினால் தலை உள்ளே போகும். தலைகீழாக அனுப்பினால் வெளியே வரும். தலை இப்போது எங்கே இருக்கிறது என்று திருப்பிச் சொல்கிற ஏற்பாடே கிடையாது. வாஸ்னியாக்தான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டாரே! ஆகவே கம்ப்யூட்டரைப் போட்டவுடன், "எங்கிருந்தாலும் சரி, வெளியே வா" என்று தலையைச் சுவரில் போய் முட்டுகிறவரை தள்ளும். 'டக டக டக' வென்று ஒரு சத்தம் வரும். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கோயில் மணி மாதிரி பழகிப் போன சத்தம்.

எமுலேட்டருக்குத் தலை கிடையாது. அது அந்த நான்கு கம்பிகளையும் கவனித்து, "தலை இருந்திருந்தால் இப்போது பதினேழாவது பாதையில் நின்றிருக்கும்" என்று மனக்கணக்குப் போட்டுக் கொள்ளும். உடனே கார்டில் அந்தப் பாதைக்கு உரிய விஷயத்தைத் தேடி எடுத்துத் தயாராக வைத்துக் கொள்ளும். சத்தம் மட்டும் வராது. அந்த 'டக டக' வைக் கேட்காமல் மனசு கேட்கவில்லை என்கிறவர்களுக்காக, சத்தம் போடுவதற்கென்றே ஒரு தனிச் சாதனமும் விற்கிறார்கள்! சிரிக்காதீர்கள். குக்கர் விசில் இல்லாமல் நமக்குச் சோறு வெந்த மாதிரி இருக்கிறதா?

அடுத்தது வசனம். அதாவது தாளம். பிளாப்பி சுற்றும்போது, ஒரு விநாடியை 10 லட்சமாகப் பிரித்து, அதில் நான்கு பங்குக்கு ஒரு தட்டு வீதம் செய்தி வரும். தட்டினால் 'ஒன்று', தட்டாமல் மௌனமாக இருந்தால் 'சுன்னம்'. கச்சேரியில் மிருதங்கம் வெகு நேரம் நின்றுவிட்டால், தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருக்கிற நமக்குக் கணக்குத் தப்பிப் போகிறதல்லவா? டிரைவுக்கும் அப்படித்தான். மௌனம் நீண்டால் எத்தனை சுன்னம் போயிற்று என்ற எண்ணிக்கை தப்பிவிடும். ஆகவே தொடர்ந்தாற்போல் இரண்டு மௌனத்துக்கு மேல் வரக் கூடாது என்று விதி செய்து, எல்லா விஷயத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றி எழுதி வைத்தார்கள். கார்டில் இருக்கும் சாதாரண எழுத்தை இந்தத் தாளக்கட்டுக்கு மாற்றி, இம்மியும் பிசகாமல் தட்டிக் கொண்டே இருக்க வேண்டும் எமுலேட்டர்.

படித்துக் காட்டுவது பாதி வேலைதான். கம்ப்யூட்டர் எழுத ஆரம்பித்தால் இன்னும் கஷ்டம். அது தட்டுகிற தட்டையெல்லாம் ஒன்று விடாமல் வாங்கிக் கொள்ள வேண்டும். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல முடியாது. கார்டோ சில சமயம் எழுதுவதற்குத் தாமதம் செய்யும். அப்போது வந்ததைத் தன் ஞாபகத்தில் பிடித்து வைத்துக் கொண்டு, நேரம் கிடைத்ததும் கார்டில் இறக்க வேண்டும். பந்தியில் பரிமாறிக் கொண்டே சமையலறைக்கும் ஓடுகிற மாதிரி. வீட்டில் செய்கிறவர்கள் பலர் படிக்கிற வேஷத்தை முதலில் முடித்துவிட்டு, எழுதுகிற வேஷத்துக்கு வெகு நாள் மல்லாடுகிறார்கள்.

மின்சாரத்திலும் ஜாக்கிரதை வேண்டும். அந்தப் பட்டை வயரில் 5 வோல்ட்டும் வருகிறது, 12 வோல்ட்டும் வருகிறது. கார்டுக்கோ 3.3 வோல்ட்தான் தாங்கும். நடுவில் அளவைக் குறைக்கிற ஏற்பாடு இல்லையென்றால் கார்டின் கதி அதோகதி. பழைய டிரைவுக்கும் இதே ஆபத்து உண்டு. இருபது துளை உள்ள அதன் சொருகியை ஒரே ஒரு ஊசி தள்ளிச் சொருகிவிட்டால், உள்ளே ஒரு சில்லு 'புஸ்' என்று போய்விடும். எத்தனையோ பேருக்கு இப்படிப் போயிருக்கிறது.

தம்பி ஓடிய ஓட்டம்

இவ்வளவு மெனக்கெட்டு எதற்காக? பழைய விளையாட்டுகளை விளையாடவா? அதுவும் உண்டுதான். ஆனால் பிளாப்பிகளில் இருப்பது விளையாட்டு மட்டும் இல்லை. கேளுங்கள்.

1980-களில் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2-க்காக 'பிரின்ஸ் ஆப் பர்ஷியா' என்ற விளையாட்டை எழுதினார். ராஜகுமாரியை மீட்கப் பாதாள அறைகளில் ஓடித் தாவுகிற ஒரு வாலிபனின் கதை. அந்த வாலிபன் நிஜ மனிதனைப் போலவே ஓடுவான், தாவுவான், விளிம்பைப் பிடித்துக் கொண்டு தொங்குவான். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ரகசியம் என்னவென்றால், மெக்னர் தம் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை உடுத்தி, கார் நிறுத்துகிற ஓர் இடத்தில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்தார். அதைப் படம் படமாகப் பார்த்து அந்த அசைவையே விளையாட்டுக்குள் இறக்கினார். சங்கீதம் அமைத்தவர் அவருடைய தந்தை. மொத்தத்தில் ஒரு குடும்பமே அதில் இருந்தது. 1989-ல் வெளிவந்து உலகமெல்லாம் பரவியது.

ஆனால் அவர் கையால் எழுதிய மூலப் பிரதியைப் பின்னால் தேடியபோது காணவில்லை. எங்கே வைத்தோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. 2012-ஆம் வருஷம் தந்தையின் வீட்டில் ஒரு பழைய பெட்டி அகப்பட்டது. உள்ளே பிளாப்பிகள். அவற்றில் ஒன்றில் தாம் தேடிய பெயர் தம் கையெழுத்திலேயே! இருபது வருஷத்துக்கு மேல் ஆன டிஸ்க். அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்துக் கெடுத்துவிடாமல், பழைய சரக்குகளைக் காப்பாற்றுவதில் கைதேர்ந்த ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்ற இருவரை வரவழைத்தார். அவர்கள் பழைய ஆப்பிள் யந்திரங்களோடு வந்தார்கள். பிளாப்பிகள் படிக்கக் கிடைத்தன. தம்பி ஓடிய ஓட்டமும் தந்தையின் சங்கீதமும் அடங்கிய அந்தப் புரோகிராமை எல்லாரும் பார்க்கும்படி அப்போதே வெளியிட்டுவிட்டார் மெக்னர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்தப் பிளாப்பியை முதலில் படித்தது எமுலேட்டர் அல்ல. உயிரோடு இருந்த பழைய டிரைவ்தான். எமுலேட்டர் பெரிய வேஷக்காரன்தான். ஆனால் வசனத்தை யாராவது பிளாப்பியிலிருந்து நகல் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் அவன் பேசுவான். பழைய டிரைவ் ஒன்றாவது மூச்சு விட்டுக் கொண்டிருக்கும்போதே, பிளாப்பி பூஞ்சை பிடிக்கும் முன்பே, நகல் எடுத்தாக வேண்டும். அதற்கென்று பிளாப்பியின் ஒவ்வொரு தட்டையும் உள்ளபடியே குறித்துக் கொள்கிற சாதனங்களும், 2018-ல் வந்த 'வாஸ்' என்ற குறிப்பு முறையும் இருக்கின்றன. வாஸ்னியாக்கின் செல்லப் பெயர்தான் வாஸ்! அந்த நகல் கிடைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. கார்டில் போட்டு, எமுலேட்டரில் சொருகி, அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். டிரைவ்களும் தேயாமல் ஓய்வெடுத்துக் கொள்ளும்.

பாட்டி வந்தாள்

இதையெல்லாம் படித்த பிறகு அம்மாவின் காஸெட்டை அலமாரியில் வைத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. விசாரித்து அலைந்ததில், இன்னும் ஓடுகிற டெக் ஒன்றை வைத்துக் கொண்டிருக்கிற சின்னக் கடை ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் காஸெட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கொஞ்சம் பூஞ்சை இருக்கு, சார். துடைச்சுட்டுத்தான் போடணும். போன வருஷமே கொண்டாந்திருக்கலாம்" என்றார். நான்கு நாள் கழித்து விரல் அளவு ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நாதஸ்வரம் கேட்டது. மாடிப்படியில் பச்சைப் பட்டுப் புடவையில், கையில் வெள்ளித் தட்டோடு பாட்டி இறங்கி வந்தாள். காமிராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து கொண்டாள். இருபது விநாடிதான் இருக்கும். அப்புறம் மாங்கல்யதாரணம். அந்த இடத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடி ஒன்றுமே தெரியவில்லை.

"அடடா! முக்கியமான இடமே போயிடுத்தேம்மா!" என்றேன்.

"போனால் போறது. தாலி கட்டினது எனக்கு நன்னா ஞாபகம் இருக்குடா" என்றாள் அம்மா. "அம்மா நடக்கிறதுதான் மறந்து போயிருந்தது. அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."